மனத்துயர் ஆற்றும் முறை
தனி மனிதருக்கும் குடும்பத்துக்கும் வழிகாட்டல்: ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்

ஓர் ஊர் முன்னேறியிருக்கிறதா என்று அறிய நாம் சில அளவுகோல்களை வைத்திருக்கிறோம். சாலை எத்தனை கிலோமீட்டர், குடிநீர்த் தொட்டி எத்தனை, பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துப் பதிவேட்டில் குறிக்கிறோம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலம் முதல் இம்முறையே வழக்கில் இருந்து வருகிறது. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இடம் பெறாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் வீட்டுக்குள் நிலவும் அமைதி. வயலுக்கு நீர் பாய்ந்தும், கூரை ஓடு மாறியும், வீட்டிலுள்ளவர் மனம் உடைந்து கிடப்பாராயின் அவ்வளர்ச்சியால் அவருக்குப் பயன் யாது? இதை நாம் நூலிலிருந்து கற்கவில்லை. நாமே செய்த ஒரு பிழையிலிருந்து கற்றோம். அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் செல்வதே முறையாகும்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊரொன்றில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஓர் இளம் விவசாயி இருந்தார். பூப்பிடிக்கும் வேளையில் பருவம் தவறிப் பெய்த மழையால் காய்ப்பு அற்றுப்போயிற்று. குத்தகைப் பணம் கடனாயிற்று. அவர் குடிக்கத் தொடங்கினார். நூற்பாலைக்கு வேலைக்குச் சென்றுகொண்டிருந்த மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இராஜபாளையம் பக்கத்திலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். சாலைப் பணியைப் பார்வையிட நாம் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது பெரியவர்கள் இச்செய்தியைச் சொன்னார்கள். உடனே மந்தை வேப்பமரத்தடிக்கு அவரை வரவழைத்தோம். பத்துப் பேர் சூழ்ந்திருக்க, “தம்பி, குடியை விடு. மனைவியைக் கூட்டி வந்து குடும்பம் நடத்து” என்று புத்தி சொன்னோம். பெரியவர்களும் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். அவர் தலை நிமிராமல் “சரிங்கய்யா” என்றார். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு நாம் ஜீப்பில் ஏறினோம்.

அன்றிரவே அவர் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார். அண்டை வீட்டார் கண்டு 108-க்குச் சொன்னதால் உயிர் பிழைத்தார்.

மருத்துவமனைக்குச் சென்று அவரைப் பார்த்தோம். அங்கே பணியாற்றிய உளநல ஆலோசகர் ஓர் அம்மையார். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “இப்படிப்பட்ட முடிவுக்கு ஒரே காரணம் என்பது அரிது, ஐயா” என்றுதான் தொடங்கினார். பிறகு, “அன்று நீங்கள் அவரிடம் என்ன கேட்டீர்கள்?” என்றார். நாம் எண்ணிப் பார்த்தோம். பல சொல்லியிருந்தோம், ஒன்றும் கேட்கவில்லை. அவரை என்ன வருத்துகிறது என்ற ஒரு கேள்விகூட அந்த வேப்பமரத்தடியில் எழவில்லை. இப்பாடம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

ஆற்றுப்படுத்துதல் என்றால் என்ன?

உளநல ஆலோசனைக்குத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்றொரு சொல் வழங்குகிறது. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை முதலிய ஆற்றுப்படை நூல்கள் இருப்பதை அறிவீர்கள். பரிசில் பெற்று வருகிற ஒருவர், வறுமையில் வாடும் மற்றொருவரை எதிர்ப்பட்டு, தாம் சென்று வந்த வழியை அவருக்குக் காட்டுவதே பெரும்பாலும் அந்நூல்களின் அமைப்பு. வழியைச் சொல்வார்; நடக்க வேண்டியவர் எதிரே நிற்பவர்தாம். ஆலோசகர் செய்வதும் அதுவே. தம் முடிவைப் பிறர்மேல் ஏற்றாமல், துயருற்றவர் தம் நிலையைத் தாமே தெளிவாகப் பார்த்துத் தம் கால்களால் நடக்கத் துணை நிற்கிறார்.

இத்தேவை சிறிதன்று. 2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. மனநல மருத்துவர் எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம். ‘பைத்தியம்’ என்ற பட்டத்துக்கு அஞ்சி வீட்டார் மறைப்பது மற்றொரு காரணம்.

தனி மனிதரிடம் பேசும் முறை

ஆலோசகர் ஒருவர் தம் பணியைச் செய்யும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

1. தனியிடம். பலர் பார்க்க நடக்கும் பேச்சில் உண்மை வெளிப்படாது. இரண்டு நாற்காலி போடக்கூடிய ஓர் அறை, இடையூறில்லாத அரைமணி நேரம்: இவையே முதல் தேவை.

2. இரகசியம். “இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்” என்று ஆலோசகர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதற்கு ஒரு விலக்கு உண்டு; அதையும் மறைக்காமல் சொல்கிறார். அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் காப்பாற்றக்கூடியவர்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்த அம்மையார், நோயாளி பேசியவற்றில் ஒரு சொல்லைக்கூட நம்மிடம் சொல்லவில்லை. அதிகாரி என்ற முறையில் நமக்குச் சற்று வருத்தமாயிருந்தது. ஆயினும் அவர் செய்ததே சரி.

3. கேட்டல். அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் வெளியிட்ட தம் நூலில், நாடி வருபவரையே நடுநாயகமாக வைக்கும் ஆலோசனை முறையை விளக்கினார். அவர் பின்னர் வற்புறுத்திய பண்புகள் மூன்று: எதிரே இருப்பவரின் நிலையில் நின்று உணர்தல், நல்லவர் கெட்டவர் என்று தரம் பிரிக்காமல் மதித்தல், போலியின்றி நடந்துகொள்ளுதல். இவற்றுக்கு மருந்தும் வேண்டா, கருவியும் வேண்டா. ஆனால் எளிதாகக் கைவருபவையும் அல்ல. பேச்சின் நடுவே ‘என் காலத்தில்’ என்று தொடங்காமல் பத்து நிமிடம் இருக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்துக்கொள்ளலாம்.

4. திருப்பிச் சொல்லுதல். கேட்டதைத் தம் சொற்களில் ஆலோசகர் திருப்பிச் சொல்கிறார். “வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை” என்று ஒருவர் சொன்னால், “ஏன் அப்படிச் சொல்கிறீர்கள், தவறல்லவா?” என்பது வழக்கமான மறுமொழி. “வீடு நினைவுக்கு வந்தாலே பாரமாக இருக்கிறது என்கிறீர்கள். எந்த நேரத்தில் அதிகமாக இருக்கிறது?” என்பது ஆலோசகரின் மறுமொழி. முதலாவது வாயை அடைக்கிறது. இரண்டாவது கதவைத் திறக்கிறது.

5. சிக்கலைப் பிரித்தல். மனம் தளர்ந்தவருக்கு எல்லாத் துன்பமும் ஒரே மூட்டையாகத் தோன்றும். கடன், உடல்நலம், மனைவியின் கோபம், ஊரார் பேச்சு என்று அதைத் தனித்தனியாக எடுத்து வைக்க உதவுகிறார். கடனாயின் யாருக்கு எவ்வளவு, எது முதலில் என்று தாளில் எழுதச் செய்கிறார். எழுதியபின் சில துன்பங்கள் நினைத்ததைவிடச் சிறியவையாகத் தெரியும்.

6. சிறு செயல். சோர்வுற்றவர் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார். விடவிடச் சோர்வு பெருகுகிறது. ஆகவே மனம் தெளிந்தபின் செய்யலாம் என்று காத்திராமல், காலையில் மாட்டைக் குளிப்பாட்டுதல், நண்பர் ஒருவரைப் பார்த்து வருதல் போன்ற ஒரு சிறு வேலையை அன்றே தொடங்கச் செய்கிறார்கள். மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் இம்முறையால் மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்பதைக் கோவாவிலுள்ள சங்காத் நிறுவனத்தாரின் ஆய்வு 2017-இல் காட்டியது.

7. மறுபடி காணுதல். ஒரு பேச்சோடு தீருவது அரிது. “அடுத்த வியாழனன்று பார்ப்போம்” என்று நாள் குறித்துப் பிரிவதே ஒரு மருந்து. தம்மை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் அவரைத் தாங்குகிறது.

குடும்பத்தோடு பேசும் முறை

ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு ஆடிப்பூரத் தேரைப் பற்றி நாம் சொல்ல வேண்டுவதில்லை. அப்பெருந்தேர் ரத வீதியில் நின்றுவிட்டால், நின்ற சக்கரத்தை யாரும் அடிப்பதில்லை. வடம் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறதா, முட்டுக்கட்டை எங்கே விழுந்திருக்கிறது, தரை எங்கே இறங்கியிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். குடும்பமும் அப்படிப்பட்டதே. குடிக்கிற கணவன், கோபிக்கிற மனைவி, படிக்காத பையன் என்று ஒருவரைச் சுட்டிக்காட்டுவது எளிது. ஆலோசகரோ இவர்களிடையே ஓடும் சுழற்சியைத் தேடுகிறார். கணவர் குடிக்கிறார், மனைவி பணத்தை ஒளித்து வைத்துப் பேசாமலிருக்கிறார், அந்த மௌனத்தால் அவமானமுற்றுக் கணவர் மீண்டும் குடிக்கிறார், இதைப் பார்த்த மகன் பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்கு வருவதில்லை. இதனால் குடித்தவரின் பொறுப்பு குறைந்துவிடாது. ஆனால் சுழற்சியை எந்த இடத்திலும் நிறுத்தலாம் என்பது இதனால் விளங்குகிறது.

ஆகவே குடும்பத்தார் அனைவரையும் ஆலோசகர் ஒன்றாக அமரச் செய்கிறார். ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது குறுக்கீடின்றிப் பேச இடமளிக்கிறார். நம் வீடுகளில் மருமகளும் சிறு பிள்ளைகளும் வயது முதிர்ந்தவர்களும் கடைசியாகப் பேசுவார்கள், அல்லது பேசவே மாட்டார்கள். அவர்களிடம் பெயர் சொல்லிக் கேட்கிறார். ‘நீ எப்போதும் இப்படித்தான்’ என்ற குற்றச்சாட்டை ‘எனக்கு இது வேண்டும்’ என்ற வேண்டுகோளாக மாற்றிச் சொல்லப் பழக்குகிறார். முடிவில் பெரிய சத்தியங்களை வாங்குவதில்லை. ‘இந்த வாரம் சம்பளத்தை இருவரும் சேர்ந்து எண்ணி வைப்போம்’ என்பது போல, நடந்ததா இல்லையா என்று சோதிக்கத்தக்க ஓர் உடன்பாட்டோடு அனுப்புகிறார். அவர் நீதிபதியும் அல்லர், நாட்டாண்மையும் அல்லர்.

குடும்பத்தை மருத்துவத்தில் பங்குகொள்ளச் செய்ததில் நம் நாடு பிறருக்கு முன்னோடியாக நின்றது என்பது பெருமைக்குரியது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்க வைத்தார். பராமரிக்கும் முறையைக் கண்ணால் கண்டு கற்ற உறவினர், நோயாளியை நம்பிக்கையோடு வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்கும் முறையைக் கையாண்டு வருகிறது. இதற்கு நேர்மாறான காட்சியும் நம் அருகிலேயே நிகழ்ந்தது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், வீட்டாரைப் பிரிந்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி மாண்டனர். மறைத்து வைப்பதன் முடிவு எங்கே கொண்டு விடும் என்பதற்கு அத்துயரம் சான்று.

மஞ்சக்குடி காட்டிய வழி

குடிப்பழக்கம் பற்றிச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் ஆய்வு நிலையத்தார், 1989-இல் தஞ்சைப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி என்னும் கிராமத்துக்கே சென்று முகாம் அமைத்தனர். நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத விவசாயிகளும் தொழிலாளரும் ஏறத்தாழ இரு வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெற்றனர். உள்ளூர்ப் பெரியோர் ஆதரவளித்தனர். மனைவிமாருக்கும் உறவினருக்கும் ஆலோசனை தரப்பட்டது. முகாம் முடிந்தபின் தொடர்ந்து சந்தித்து வந்தனர். மருந்து, பேச்சு, குடும்பம், ஊரார் துணை ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தமையே அதன் வலிமை.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை உண்டாகலாம். சிலருக்கு உயிராபத்தும் நேரலாம். ‘இன்றோடு விட்டுவிடு’ என்று பொதுவிடத்தில் சத்தியம் வாங்குமுன் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதை நாம் குறை கூறவில்லை. கயிறும் இருக்கட்டும், மருத்துவரும் இருக்கட்டும்.

உயிர் காக்கும் நேரம்

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, பயிரையும் கால்நடையையும் கவனியாமை, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்குத் தொல்லையில்லை’ என்ற பேச்சு, பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை எச்சரிக்கைகள். அப்போது, ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று தனிமையில் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. பெரும்பாலோருக்கு அது ஆறுதலே தரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கிவரும் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். மாநிலத்தின் 104 எண்ணும் உண்டு.

பூச்சிமருந்தை வீட்டுக் கூரையில் செருகி வைக்கும் வழக்கத்தை விட வேண்டும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவிய ஸ்நேகா அமைப்பின் துணையோடு, பொதுக் கட்டடத்தில் ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பூட்டுப் பெட்டி அமைத்து மருந்தை வைக்கும் முறை சோதிக்கப்பட்டது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டனர். துயரம் உச்சத்திலிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நஞ்சு கைக்கெட்டாதிருப்பதே பல உயிர்களைக் காக்கும். நம் ஊராட்சிகளும் இதை ஆராயலாம்.

உயிர் பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்தாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது.

சமாதானம் பேசக் கூடாத இடம்

எல்லாக் குடும்பச் சச்சரவும் ஒன்றாக அமர்ந்து பேசித் தீர்க்கத்தக்கதன்று. அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில், அடித்தவர் முன்னிலையில் அடிபட்டவரைப் பேசச் சொல்வது ஆபத்து. ‘அனுசரித்துப் போ அம்மா’ என்று திருப்பி அனுப்புவது பெருங்கேடு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அப்பெண்ணுக்குப் பாதுகாப்பும் தங்கும் உரிமையும் அளிக்கிறது. 181 என்ற எண்ணைக் கொடுங்கள். குழந்தைகளாயின் 1098. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் தெரிவியுங்கள்.

முடிவுரை

ஊராட்சி உறுப்பினரும் சுய உதவிக் குழுத் தலைவியும் மருத்துவராக முடியாது, ஆகவும் வேண்டா. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் 2006 முதல், டாக்டர் டிக்சன் சிபாண்டாவிடம் பயிற்சி பெற்ற பாட்டிமார், சுகாதார நிலையத்து மரத்தடிப் பெஞ்சில் அமர்ந்து துயருற்றவரின் குறை கேட்கின்றனர். நம் ஊர்களில் மரத்தடிக்கும் பஞ்சமில்லை, பாட்டிமாருக்கும் பஞ்சமில்லை. நம்மிடம் குறைவாக இருப்பது கேட்கும் பழக்கமே.

அந்த இளம் விவசாயி பல மாதங்கள் ஆலோசனைக்குச் சென்றார். பிறகு மனைவியும் உடன் சென்றார். இப்போது அக்குடும்பம் ஒன்றாக வாழ்கிறது. கறவை மாட்டுப் பால் சங்கத்துக்குப் போகிறது. கடன் முழுதும் தீரவில்லை. இடையில் ஒருமுறை குடித்தும் விட்டார். மறுநாளே தாமாக ஆலோசகரிடம் சென்றாராம். சென்ற ஆண்டு நம் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது அவரே இவற்றைச் சொன்னார். இதை எழுத இசைவும் தந்தார். “ஐயா, அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் கடன் எவ்வளவு என்று சொல்லியிருப்பேன். வீட்டுக்காரிக்கே அது தெரியாது. பத்துப் பேர் நடுவே எப்படிச் சொல்வது?” என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. அன்று முதல் நம் அறையில் மேசைக்கு இந்தப் புறமாக இன்னொரு நாற்காலி போட்டிருக்கிறோம்.

கூட்டத்தில் கலந்து பேச வேண்டியவை

1. நம் ஊரில் ஒருவர் தனிமையில் மனம் விட்டுப் பேச எந்த இடம் இருக்கிறது?
2. குடும்ப வழக்கைப் பலர் முன்னிலையில் விசாரிக்கும் வழக்கத்தால் நேர்ந்த தீமைகள் எவை?
3. பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க நம் ஊராட்சி என்ன ஏற்பாடு செய்யலாம்?
4. 14416, 104, 181, 1098 ஆகிய எண்களை ஊரில் எங்கெங்கே எழுதி வைக்கலாம்?